பூட்டின வீட்டுக்கு மறுபடியும் போகணும்

வாசகர் கேள்வி - பதில்

போன மாசம் இந்தப் பகுதியில, வீடு வீடா வந்து குழந்தைங்களைப் பத்தியும் குடும்பத்தைப் பத்தியும் விவரம் கேக்குற சர்வே பத்தி ரெண்டு வரி எழுதியிருந்தேன், அதுக்கே இவ்ளோ கடிதம் வந்திருக்கு. இருபது வருஷமா இந்த ஃபீல்டுலதான் இருக்கேன், மொதல்ல கேள்வி கேக்குற இன்வெஸ்டிகேட்டர், அப்புறம் சூப்பர்வைசர், இப்ப மாவட்ட அளவுல டீம்களை ஒருங்கிணைக்கிற வேலை. தெரிஞ்சதை மறைக்காம சொல்றேன்.

எங்க தெருவுல அத்தனை வீடு இருக்கும்போது எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் வந்தாங்க? ரேஷன் கார்டு, உரிமைத்தொகை எதுவும் கட் ஆயிடுமோன்னு மாமியார் பயப்படுறாங்க. (வாசகி, திருவண்ணாமலை)

பயப்படாதீங்கம்மா, ரேஷன் கார்டுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. தேசிய குடும்ப நல சர்வேன்னு ஒன்னு இருக்கு, மத்திய சுகாதாரத்துறைக்காக மும்பை தியோனார்ல இருக்க சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் அதை ஒருங்கிணைச்சு நடத்துது. 1992-93ல மொத தடவை நடந்துச்சு. 2019-21ல நடந்த அஞ்சாவது சுத்துல நாடு முழுக்க 707 மாவட்டத்துல 6,36,699 வீட்டுக்குப் போயிருக்காங்க. கேக்க பெரிய நம்பரா இருக்கும், ஆனா நம்ம நாட்டோட மொத்த வீட்டுக் கணக்குல இது ஒரு கைப்பிடிதான்.

வீட்டை யாரும் ஆளைப் பார்த்து எடுக்குறதில்ல. மொதல்ல ரெண்டு பேர் வந்து ஊரைச் சுத்தி படம் போடுவாங்க, கோயில் எங்க, டேங்க் எங்க, எந்தச் சந்து எங்க முடியுதுன்னு. அப்படியே ஒவ்வொரு வாசல்லயும் நம்பர் போட்டு லிஸ்ட் எடுப்பாங்க. அந்த லிஸ்ட்ல இருந்து 22 வீடு. உங்க பகுதியில 132 வீடுன்னு வெச்சுக்கோங்க, 22ஆல வகுத்தா 6, ஆரம்ப நம்பர் குலுக்கல் மாதிரி வரும், 4ன்னு வந்தா 4, 10, 16ன்னு ஆறு ஆறு வீடா தாண்டிப் போகும். உங்க வாசல்ல 16 விழுந்திருக்கு, அவ்ளோதான். பேங்க் பாஸ்புக், ஓடிபி இதெல்லாம் இந்த சர்வேக்குத் தேவையே இல்ல, யாராவது கேட்டா அவங்க சர்வேக்கு வந்தவங்க இல்ல, வாசலோட அனுப்பிடுங்க.

எம்.எஸ்.டபிள்யூ. முடிச்சிட்டு ஒரு சர்வேல சூப்பர்வைசரா சேரப் போறேன். வீடு பூட்டியிருந்தா மறுபடி மறுபடி போகணுமாம், பக்கத்து வீட்டை எடுக்கவே கூடாதாம். எல்லா வீடும் ஒரே ஊருதானே சார், ஏன் இவ்ளோ கண்டிப்பு? (வாசகர், விழுப்புரம்)

தம்பி, நீங்க கேட்ட கேள்விக்குள்ளதான் இந்த வேலை மொத்தமும் இருக்கு, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

திருவள்ளூர் பக்கம் ஒரு ஊர். லிஸ்ட்ல வந்த வீடு, கூரை வீடு, காலைல 10 மணிக்குப் போனா பூட்டு, சாயந்தரம் 4 மணிக்குப் போனாலும் பூட்டு. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் செங்கல் சூளைக்கு விடியறதுக்கு முன்னாடியே போயிடுவாங்க, கைக்குழந்தையையும் தூக்கிட்டு. பக்கத்து வீட்ல ஒரு பாட்டி திண்ணையிலயே உக்காந்திருக்காங்க, பேரன் இருக்கான், ஊசி கார்டு பிளாஸ்டிக் கவர்ல பத்திரமா இருக்கு, வாங்கம்மா மோர் குடிங்கன்னு கூப்புடுறாங்க. எங்க டீம்ல ஒரு பொண்ணு, சார் இந்த வீட்டையே போட்டுக்கலாமான்னு கேட்டுச்சு. வெயில்ல நின்னு கேட்டுச்சு, அதைக் குத்தம் சொல்ல மாட்டேன். ராத்திரி 8 மணிக்கு மறுபடி போனோம். அந்தம்மா அப்பதான் அடுப்பு பத்த வெச்சிருந்தாங்க, கையில செம்மண்ணு காஞ்சு போயிருந்துச்சு, அதைக் கழுவிட்டு மஞ்சப்பையில இருந்து கார்டை எடுத்துக் குடுத்தாங்க. குழந்தைக்கு 1 வருஷம் 10 மாசம், கார்டுல ஊசி 9 மாசத்தோட நின்னிருந்துச்சு, அதுக்குக் கீழ எல்லா கட்டமும் காலி. ஊசி போடுற நாள்ல நாங்க ஊர்லயே இருக்க மாட்டோம்ங்கன்னு சொன்னாங்க.

இப்ப சொல்லுங்க, பாட்டி வீட்டை எடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்? ரெண்டு குழந்தையும் ஒரே தெருதான், ஆனா ஒருத்தன் எல்லா ஊசியும் போட்டவன், இன்னொன்னு பாதியில விட்டது. பூட்டின வீட்டைத் தள்ளிட்டு திறந்த வீட்டையே எடுத்துக்கிட்டுப் போனா, பகல்ல வீட்ல ஆள் இருக்கற குடும்பம்தான் கணக்குல நிக்கும், சூளைக்குப் போறவங்க, ராத்திரி ஷிப்ட் பார்க்கறவங்க, ஒத்தையா பிள்ளையை வளர்க்கறவங்க எல்லாரும் கணக்குல இருந்தே காணாமப் போயிடுவாங்க. யாரைத் தேடி சர்வே எடுக்கறோமோ அவங்களையே விட்டுட்டு வந்த மாதிரி. அஞ்சாவது சுத்துல நாடு முழுக்க 98 சதவீத வீட்ல பேட்டி முடிச்சிருக்காங்கன்னா, அதுக்குப் பின்னாடி இப்படி ராத்திரி 8 மணிக்கு டார்ச் அடிச்சுக்கிட்டுப் போன எத்தனையோ பொண்ணுங்க இருக்காங்க.

சூப்பர்வைசரா நீங்க பண்ண வேண்டியது, பூட்டின வீட்டு லிஸ்ட்டை உங்க கையில வெச்சுக்கோங்க, காலைல வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்கு யார் போறதுன்னு பேசி முடிங்க, டிரைவர் அண்ணன்கிட்டயும் ராத்திரி லேட் ஆகும்னு மொதல்லயே சொல்லிடுங்க. ராத்திரியில பொண்ணுங்களைத் தனியா அனுப்பாதீங்க, நீங்களும் கூடப் போங்க.

என் பையன் பொறந்த தேதியை தோண்டித் துருவி கேட்டாங்க. ரெண்டு வயசுன்னு சொன்னா பத்தாதா? (வாசகி, வேதாரண்யம்)

பத்தாதும்மா. ஒரு பெண் குழந்தை 78 சென்டிமீட்டர் நீளம் இருக்குன்னு வைங்க. வயசு 20 மாசம்னா உலக சுகாதார நிறுவனத்தோட வளர்ச்சி அளவுப்படி அது சரியான வளர்ச்சிதான். அதே 78 சென்டிமீட்டர், வயசு 24 மாசம்னா, வயசுக்கேத்த உயரம் இல்லாத குழந்தைன்னு கணக்குல ஏறிடும். ஸ்கேல் தப்பில்ல, குழந்தை மாறல, நாலு மாசம் ரவுண்டா சொன்னதுல ஆரோக்கியமான குழந்தை வளர்ச்சி குறைஞ்ச குழந்தை ஆயிடுது. இன்னொரு விஷயமும் உண்டு, 2 வயசுக்குக் கீழ படுக்க வெச்சுதான் அளக்கணும், அதுக்கு மேல நிக்க வெச்சு. நிக்க வெச்சா சுமார் 0.7 சென்டிமீட்டர் கம்மியா வரும், அதனால வயசு தப்பா இருந்தா அளக்குற விதமே தப்பாயிடும்.

அதுக்குத்தான் கார்டு கேப்போம், இல்லன்னா ஊரோட ஞாபகத்தைக் கேப்போம். கார்த்திகைல பொறந்தான்னு சொன்னா நவம்பரா டிசம்பரான்னு தெரியாது, கார்த்திகை தீபத்துக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேட்டா சொல்லிடுவாங்க. உங்க ஊர்ல 2020லயும் 2021லயும் நாங்க கேட்டதெல்லாம் கஜாவுக்கு முன்னாடியா பின்னாடியான்னுதான். 2018 நவம்பர் 16 விடியக்காலை அடிச்சதை யாரும் மறக்கல, புயலப்ப எனக்கு ஆறு மாசம்னு ஒரு அம்மா சொன்னா அந்தக் குழந்தையோட பொறந்த மாசம் கிட்டத்தட்ட கையில வந்துடும்.

இதுல எங்க பக்கத்துத் தப்பையும் சொல்லிடறேன். 5 வயசுக்குக் கீழ குழந்தை இருந்தா கேள்வி ஜாஸ்தி, ஊசி, வயித்துப்போக்கு, பால் குடுத்தது, பிரசவம், எடை, உயரம்னு நீண்டுக்கிட்டே போகும். அதனால அலுத்துப்போன ஆளுங்க 4 வருஷம் 10 மாசக் குழந்தையை 5 வருஷம் 1 மாசம்னு தள்ளிடுவாங்க, அரை மணி நேர வேலை மிச்சம். உலகம் முழுக்க இந்த மாதிரி சர்வேல இருக்கற வியாதி இது. ஒரு சர்வேல (எதுன்னு வேண்டாம்) தினமும் ராத்திரி வர்ற கணக்கு அட்டவணையைப் பார்த்தப்ப, ஒரு பொண்ணோட ஐடில மட்டும் 4 வயசு குழந்தையே இல்ல, 5 வயசுல குவிஞ்சு கிடக்கு. மறுநாள் அந்தப் பொண்ணு கூடவே நானும் நடந்தேன். கால் வீங்கியிருந்துச்சு, மதியம் சாப்பாடு இல்ல. நான் குடுத்திருந்த டார்கெட்தான் அந்தத் தேதியை மாத்த வெச்சுது. டார்கெட்டைக் குறைச்சோம், அவ எடுத்த வீட்டுக்கெல்லாம் திரும்பப் போய் தேதியைச் சரி பண்ணினோம், நாலு நாள் போச்சு. போனது சரிதான்.

அண்ணன் தம்பி ஒரே வீட்ல இருக்கோம். ஒரு குடும்பமா, ரெண்டா? (வாசகர், கரூர்)

அடுப்பு எத்தனை? ஒரே சமையல்னா ஒரு குடும்பம், தனித்தனியா உலை வெச்சா ரெண்டு. நேத்து ராத்திரி உங்க வீட்ல தங்கின விருந்தாளி இருந்தா அவங்களையும் சொல்லணும்.

ஒன்றரை வயசுக் குழந்தை விரல்ல குத்தி ரத்தம் எடுத்தாங்க. மனசு கேக்கல. (வாசகி, மதுரை)

உங்க வருத்தம் புரியுதும்மா. உங்க சம்மதம் இல்லாம குத்தவே கூடாது, வேண்டாம்னு சொல்ற உரிமை உங்களுக்கு முழுசா உண்டு, சொன்னா மேல பேசி வற்புறுத்தக் கூடாதுன்னு ட்ரெயினிங்லயே சொல்லித்தான் அனுப்புறோம். புது ஊசி, மொதல்ல வர்ற துளிகளைத் துடைச்சுட்டு அப்புறம் வர்ற துளியை எடுக்கணும், விரலைப் போட்டுப் பிழியக் கூடாது, பிழிஞ்சா நீர் கலந்து ரத்தம் கம்மியா இருக்கற மாதிரி காட்டும். முடிவை அங்கயே உங்ககிட்ட சொல்லி எழுதிக் குடுக்கணும். ஹீமோகுளோபின் 11க்குக் கீழ இருந்தா ரத்தசோகை, 7க்குக் கீழன்னா உடனே ஆஸ்பத்திரி. எழுதிக் குடுக்கலன்னா கேட்டு வாங்குங்க.

ஏன் இவ்ளோ தூரம் போறோம்னா, தமிழ்நாட்டுல 6 மாசத்துல இருந்து 5 வயசுக்குள்ள இருக்கற குழந்தைங்கள்ல ரத்தசோகை 2015-16ல 50.7 சதவீதம் இருந்துச்சு, அடுத்த சுத்துல 57.4. அதே காலத்துல முழுசா தடுப்பூசி போட்ட குழந்தைங்க 69.7ல இருந்து 89.2க்கு ஏறியிருக்கு. ஊசி விஷயத்துல நம்ம நர்ஸம்மாங்க ஜெயிச்சிருக்காங்க, சோத்துத் தட்டுல எங்கயோ விட்டிருக்கோம். பார்க்க கொழுகொழுன்னு இருக்கற குழந்தைக்கும் ரத்தம் கம்மியா இருக்கும், கண்ணால கண்டுபிடிக்க முடியாது.

மருமககிட்ட தனியாதான் பேசணும்னு என்னை வெளிய உக்காரச் சொல்லிட்டாங்க. என்ன இருக்கு எனக்குத் தெரியாம? (வாசகி, திண்டுக்கல்)

உங்களை ஒதுக்கணும்னு இல்லம்மா. ஒரு பொம்பளைகிட்ட அவ பெத்த ஒவ்வொரு பிள்ளையைப் பத்தியும் கேக்கணும், இருக்கறதையும், போனதையும். யார் பக்கத்துல இருந்தாலும், பெத்த தாயே இருந்தாலும், அந்தப் பதில் கொஞ்சம் மாறும்.

ஒரு வீட்ல ரெண்டு பிள்ளைன்னு சொன்னாங்க, ரெண்டுன்னு எழுதியாச்சு. அடுத்த கேள்வி, பொறந்து அழுதுச்சு, ஆனா தங்கலன்னு ஏதாவது உண்டாம்மா? அந்தம்மா கொஞ்ச நேரம் சேலை முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விட்டாங்க. அப்புறம் சொன்னாங்க, ஒன்னு இருந்துச்சு, ஒரு நாள், பேர் வைக்கல, வீட்ல யாரும் அதைப் பத்தி பேச மாட்டாங்கன்னு. எங்க இன்வெஸ்டிகேட்டர் டேப்லெட்டை மூடி வெச்சுட்டு உக்காந்திருந்தா, அவங்களா மறுபடி பேச ஆரம்பிக்கற வரைக்கும்.

ஒரு வயசு ஆகுறதுக்குள்ள இறந்துபோற குழந்தைங்க கணக்கு, சிசு இறப்பு விகிதம்னு பேப்பர்ல வருதே, ஆயிரம் பொறப்புக்கு இந்தியாவுல 35.2, தமிழ்நாட்டுல 18.6ன்னு அஞ்சாவது சுத்துல வந்த எண்ணு, அது இப்படி ஒவ்வொரு அம்மாவும் வாயைத் திறந்து சொன்னதுலதான் வந்துச்சு. அந்த ஒரு நாள் குழந்தையை விட்டிருந்தா அது எந்தக் கணக்குலயும் இருந்திருக்காது. அடுத்த தடவை யாராவது வந்தா நீங்களே பேரப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வெளிய வாங்கம்மா, அந்த அரை மணி நேரம் உங்க மருமகளுக்கு நீங்க பண்ற பெரிய உதவி.

கொரோனா சமயத்துல எடுத்த கணக்கை நம்பலாமா? (வாசகர், சேலம்)

தமிழ்நாட்டுல 2020 ஜனவரி 6 ஆரம்பிச்சு மார்ச் 21 வரைக்கும் எடுத்தாங்க, அப்புறம் நிறுத்திட்டு டிசம்பர் 21ல இருந்து 2021 மார்ச் 31 வரைக்கும். கஷ்டம் இருந்துச்சு, கதவைத் திறக்கவே பயந்தாங்க, மாஸ்க் போட்டுக்கிட்டு குரல் கேக்கல. நடுவுல 9 மாசம் போனதால முன்பாதி எண்ணும் பின்பாதி எண்ணும் ஒரே காலத்தோடது இல்லங்கறதை மனசுல வெச்சுக்கிட்டுப் படிங்க. ஆனா 27,929 வீட்டு விவரம் அது, தூக்கிப் போடற விஷயம் இல்ல.

நானும் கணவரும் காலைல 7 மணிக்குப் போனா ராத்திரிதான் வருவோம். சர்வேக்காரங்க ரெண்டு தடவை வந்துட்டுப் போனதா பக்கத்து வீட்ல சொன்னாங்க. (வாசகி, திருப்பூர்)

மறுபடி வருவாங்கம்மா, வரணும். பக்கத்து வீட்ல ஒரு நேரம் சொல்லி வையுங்க, காலைல 6னாலும் ராத்திரி 9னாலும் சரி, ஞாயித்துக்கிழமைன்னாலும் சரி. குழந்தையோட ஊசி கார்டை மட்டும் கைக்கு எட்டற இடத்துல எடுத்து வையுங்க, டிவி மேலயோ, சாமி படத்துக்குப் பின்னாடியோ.