லேசர் சிகிச்சைக்குப் பின்னும் ஈறு நோய் தீரவில்லை; பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். ‘அறுவை இல்லை, நிரந்தரத் தீர்வு’ என்ற விளம்பரத்தை நம்பி, ஒரு தனியார் பல் மருத்துவமனையில் ஈறு நோய்க்கான லேசர் சிகிச்சைக்கு ₹72,000 கட்டினேன். கன்னடத்தில் இருந்த படிவத்தில் படிக்காமலே கையெழுத்திட்டேன். எட்டு மாதமாகியும் இரத்தக் கசிவு நிற்கவில்லை. ஒரு கடைவாய்ப் பல் ஆடுகிறது. வேறொரு மருத்துவர், வேரில் பற்காரை (பல்லில் இறுகிப் படியும் அழுக்கு) அப்படியே இருப்பதாகச் சொல்கிறார். வழக்குத் தொடரலாமா?

பதில்: தொடரலாம், ஆனால் லேசர் பலிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லித் தொடர்ந்தால் தோற்பீர்கள். சிகிச்சை பலன் தராமல் போனதே கவனக்குறைவு ஆகிவிடாது என்பதை ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. ஈறு ஆறாததற்கு அவற்றையே காரணம் காட்ட, உங்களுக்குச் சர்க்கரை நோயோ புகைப்பழக்கமோ உண்டா என்பதையே எதிர்த்தரப்பு முதலில் கிளறும்.

உங்கள் பலம் அந்த இரண்டாவது மருத்துவரின் சொல்லில் இருக்கிறது. ஈறு நோய்க்கான அடிப்படைச் சிகிச்சை, ஈறுக்குக் கீழே படிந்த காரையைச் சுரண்டி எடுத்து வேர்ப்பரப்பைச் சுத்தம் செய்வதுதான். அதனுடன் லேசரையும் சேர்ப்பதால் கிடைக்கும் கூடுதல் பலன், பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலான பையின் ஆழத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்றே அமெரிக்க ஈறு நோய் மருத்துவர்களின் அமைப்பு 2018இல் கருத்துத் தெரிவித்தது. அடிப்படைச் சுத்தத்தைச் செய்யாமல் லேசரை மட்டும் பாய்ச்சியிருந்தால், அது சேவைக் குறைபாடு. ‘நிரந்தரத் தீர்வு’ என்ற வாக்குறுதியோ, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று வாதிட இடம் தருவது. கையெழுத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். மாற்றுச் சிகிச்சைகளையும் அபாயங்களையும் நோயாளிக்கு விளக்கிய பிறகு பெறுவதே ஒப்புதல் என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு (2008) கூறுகிறது.

சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் புதிய மருத்துவர் காரையை நீக்குவதற்கு முன்பே, ஒவ்வொரு பல்லின் பை ஆழத்தையும் அளந்து குறிக்கச் சொல்லி, எக்ஸ்ரேயும் எடுத்து, தம் கருத்தைக் கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். காரை போய்விட்டால் சான்றும் அதோடு போய்விடும். பழைய மருத்துவமனையிடம் சிகிச்சைக் குறிப்புகள், படிவம், ரசீது ஆகியவற்றின் நகல்களைப் பதிவுத் தபாலில் கேளுங்கள். விளம்பரத்தை இன்றே படமெடுத்து வையுங்கள்.

பிறகு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பிவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை ₹5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் ஈ-ஜாக்ரிதி இணையதளத்திலும் மனுச் செய்யலாம். காலவரம்பு இரண்டு ஆண்டுகள். அதைச் சிகிச்சை முடிந்த நாளிலிருந்தே கணக்கிட்டுக்கொள்வது பாதுகாப்பானது. கர்நாடக மாநிலப் பல் மருத்துவ மன்றத்திலும் புகார் தரலாம். ஆனால் அங்கே ஒழுங்கு நடவடிக்கை மட்டுமே கோர முடியும். பணத்துக்கு ஆணையமே வழி.