மரியானா சீர்திருத்தப் பள்ளியின் புதைகுழிகள்

கேள்வி: அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், மூடப்பட்ட ஒரு சிறார் சீர்திருத்தப் பள்ளியில் இருந்தவர்களுக்கு அரசு இழப்பீடு அறிவித்ததாகப் படித்தேன். அங்கே என்ன நடந்தது? இத்தனை காலம் அது வெளியே தெரியாமல் இருந்தது எப்படி?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: வெளியே தெரியாமல் இருந்தது என்பதைத்தான் முதலில் மறுக்க வேண்டியிருக்கிறது. மரியானா என்ற சிற்றூரில் 1900இல் தொடங்கப்பட்டு, பின்னாளில் டோசியர் பள்ளி என்று பெயர் பெற்ற அந்த இடத்தை 1903இல் பார்வையிட்ட சட்டமன்றக் குழுவே, பிள்ளைகள் காலில் விலங்கோடு இருந்ததைக் கண்டு அறிக்கை எழுதியது. 1914இல் விடுதி தீப்பிடித்துச் சிறுவர்கள் கருகி மாண்டபோதும் விசாரணை நடந்தது. அறிக்கைகளுக்குக் குறைவே இல்லை. பள்ளி மட்டும் 2011 வரை நடந்தது.

கொலை, கொள்ளை செய்தவர்கள்தாம் அங்கே இருந்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பள்ளிக்கு மட்டம் போட்டவன், வீட்டைவிட்டு ஓடியவன், சொல்பேச்சுக் கேட்காதவன் என்று பெயரெடுத்தவன், போக்கிடமற்ற அநாதை எனப் பலரும் அனுப்பப்பட்டார்கள். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் 1960களின் பிற்பகுதி வரை தனித்தனி வளாகங்களில் வைக்கப்பட்டு, வயலிலும் செங்கல் சூளையிலும் வேலை வாங்கப்பட்டார்கள்.

வளாகத்தில் 'வெள்ளை மாளிகை' என்று சிறுவர்கள் அழைத்த ஒரு சிறிய கான்கிரீட் கட்டடம் இருந்தது. உயிர் தப்பியவர்கள் முதியவர்களான பிறகு 2008இல் வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்கள். அவர்கள் சொன்னவை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருந்தன. அழுக்கேறிய மெத்தையில் குப்புறப் படுக்க வேண்டும், கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், கத்தக் கூடாது. அலறல் வெளியே கேட்காதிருக்கப் பெரிய மின்விசிறி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், அந்த இரைச்சலினூடே தோல் வாரால் அடி விழும். எழுபது வயதிலும் மின்விசிறிச் சத்தம் கேட்டால் உடல் நடுங்கும் என்று ஒருவர் சொன்னால், அதை மிகை என்று ஒதுக்க என்னால் இயலாது. அரசு நிறுவனங்களில் உடல்தண்டனை 1968இல்தான் தடைசெய்யப்பட்டது. ஆனால் பிள்ளைகளைக் கைகால் சேர்த்துக் கட்டுவதும் தனிமைச் சிறையில் அடைப்பதும் 1980களில்கூட வழக்குக்கு உரிய விஷயங்களாயிருந்தன.

பள்ளியின் இடுகாட்டில் இரும்புக் குழாயில் செய்து வெள்ளையடித்த 31 சிலுவைகள் நின்றன. 2009இல் மாநிலப் புலனாய்வுத் துறையும் 31 என்றே கணக்கை முடித்தது. தென் ஃபுளோரிடா பல்கலைக்கழக மானிடவியலாளர் எரின் கிம்மர்லியின் குழு 2013இல் தோண்டியபோதோ 55 குழிகள் இருந்தன. சிலுவைகள் நின்ற இடத்துக்கும் குழிகளுக்கும் பொருத்தமே இல்லை. புதருக்குள்ளும், பாதைக்கு அடியிலும், முசுக்கொட்டை மரத்தின் வேர்களுக்கிடையிலும் பிள்ளைகள் கிடந்தார்கள். பதிவேடுகளைத் தேடியதில் 1900 முதல் 1973 வரை ஏறத்தாழ நூறு மரணங்கள் தெரியவந்தன. 2014இல் முதன்முதலாக ஒரு சிறுவனின் எலும்பு, முதுமையிலும் அவனைத் தேடிக்கொண்டிருந்த தங்கையின் மரபணுவோடு ஒத்துப்போனது. தோண்ட வேண்டும் என்று இப்படிப்பட்ட உறவினர்கள் ஓயாமல் கேட்டிராவிட்டால், அரசின் கணக்கு 31 என்றே நின்றிருக்கும்.

சட்டமன்றம் 2017இல் மன்னிப்புக் கேட்டது. நீங்கள் படித்த இழப்பீடு, 2024இல் சட்டமான 2 கோடி டாலர். அது 1940க்கும் 1975க்கும் இடையில் இப்பள்ளியிலோ ஒகிச்சோபியிலிருந்த இதன் கிளையிலோ துன்புறுத்தப்பட்டு, அப்போது உயிரோடிருந்தவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது.