கீட்டனின் கேமரா ஏன் தள்ளி நின்றது?

பேசாப்படக் காலத்து நடிகர், இயக்குநர் பஸ்டர் கீட்டனைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி சாப்ளினைப் பற்றியவை. அவற்றை ஓரமாக வைத்துவிட்டேன். சாப்ளினுக்காகப் பேச ஆள் பஞ்சமில்லை.

கேள்வி (கோவை வாசகர்): வீடு விழும் காட்சியைப் பற்றி அடிக்கடி சொல்கிறீர்கள். அதில் கேமரா தந்திரம் எதுவுமே இல்லையா?

பதில்: இல்லை. கணக்கு மட்டும்தான் இருக்கிறது. படம் 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928). புயலுக்கு நடுவே கீட்டன் தெருவில் திகைத்து நிற்கிறார். பின்னால் இருக்கும் வீட்டின் முன்சுவர் முழுதாகப் பெயர்ந்து அவர்மேல் சாய்கிறது. கூரையை ஒட்டிய சன்னல் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் இறங்க, ஆள் நின்றது நின்றபடி இருக்கிறார்.

முதலில் சுவரின் சட்டத்தைச் செய்து உறுதியான கீல்களில் பொருத்தினார்கள். பிறகு அதைத் தரையில் கிடத்தி, கீட்டனின் உடம்பை அளவாக வைத்துச் சன்னலைக் கட்டினார்கள். தோள்களுக்கு இருபுறமும் இரண்டு அங்குலம், தலைக்கு இரண்டு அங்குலம், குதிகாலுக்கு இரண்டு அங்குலம், இடைவெளி அவ்வளவுதான். குதிகால் படவேண்டிய இடத்தில் பெரிய ஆணிகளை அறைந்தார்கள். புயலுக்காக வைத்த காற்று இயந்திரங்கள் தெருவையெல்லாம் அலைக்கழிக்கலாம், ஆனால் விழும் சுவரின்மேல் ஒரு வீச்சும் படக்கூடாது. பட்டால் சுவர் கொஞ்சம் திருகும். அந்தக் கொஞ்சம் போதும். ஒரே டேக்கில் எடுத்தார்கள்.

எங்கள் ஊர்த் திரையிடல் ஒன்றில் இந்த இடம் வந்தபோது முன்வரிசைப் பெரியவர் ஒருவர் தம் தலையைக் கைகளால் மூடிக்கொண்டார்.

கேள்வி (உதவி இயக்குநர்): அண்ணா, சண்டைக் காட்சிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் கீட்டன் பெயர் வருகிறது. இன்றைய படங்களில் அவர் எங்கே இருக்கிறார் என்று யாரும் காட்டுவதில்லை.

பதில்: தம்பி, கேமரா எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அந்தச் சுவர் விழும்போது கேமரா தள்ளி நிற்கிறது. வீடு, தெரு, ஆள் மூன்றும் ஒரே சட்டகத்துக்குள் இருக்கின்றன. அருகில் போய் முகத்தைக் காட்டியிருந்தால், அல்லது நடுவில் ஒரு வெட்டு விழுந்திருந்தால், பார்ப்பவருக்குச் சந்தேகம் வந்துவிடும். சந்தேகம் வந்த இடத்தில் சிரிப்பும் வராது, பயமும் வராது. கீட்டன் சினிமாவுக்கு விட்டுப்போனவற்றில் பெரியது இதுதான் என்பேன்.

ஜாக்கி சான் இதை அப்படியே பிடித்துக்கொண்டார். 'ப்ராஜெக்ட் ஏ' இரண்டாம் பாகத்தில் (1987) பிரம்மாண்டமான அலங்கார முகப்பு ஒன்று அவர்மேல் சரிகிறது. திறப்பு வழியாகத் தப்புகிறார். முதல் பாகத்தில் அவர் கடிகாரக் கோபுரத்தில் தொங்குவது, பேசாப்படக் காலத்தில் கடிகாரத்தில் தொங்கிக் காட்டிய இன்னொரு சிரிப்பு நடிகர் ஹெரால்ட் லாயிடுக்குப் பட்ட கடன். இரண்டையும் குழப்புபவர்கள் நிறைய. பிரிட்டிஷ் கலைஞர் ஸ்டீவ் மெக்வீன் 1997இல் அதே சுவரைத் தன்மேல் விழவைத்து, பல கோணங்களில் திரும்பத் திரும்பக் காட்டும் குறும்படம் எடுத்தார். கறுப்பின ஆள் ஒருவர் அசையாமல் நிற்க, சுவர் ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கிறது. அங்கே சிரிப்பு வருவதில்லை.

நீங்கள் வேலை செய்த சண்டைக் காட்சி ஒன்றை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். யார் யாரை அடித்தார் என்று புரிகிறதா?

கேள்வி: எல்லாச் சாகசங்களையும் அவரேதான் செய்தாரா?

பதில்: பெரும்பாலும். 'காலேஜ்' (1927) படத்தில் கோலூன்றித் தாண்டிச் சன்னலுக்குள் பாய்வது மட்டும் லீ பார்ன்ஸ். 1924 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். 'ஷெர்லாக் ஜூனியர்' (1924) படப்பிடிப்பில் ரயில் நிலையத் தண்ணீர்த் தொட்டியின் குழாயிலிருந்து கொட்டிய நீர் கீட்டனைத் தண்டவாளத்தில் தள்ளியது. கழுத்தெலும்பு முறிந்திருந்தது பல ஆண்டுகள் கழித்து மருத்துவப் பரிசோதனையில்தான் தெரிந்தது.

கேள்வி (கல்லூரி மாணவி): சிரிக்காத முகம் அவருக்கு இயல்பா, நடிப்பா?

பதில்: தொழில் கற்றுக்கொடுத்தது. சிறுவனாக இருந்தபோதே அப்பா அம்மாவோடு மேடையில் ஏறினார். அப்பா அவரை மேடை முழுக்கத் தூக்கி வீசுவார். வீச வசதியாகச் சட்டையில் பெட்டியின் கைப்பிடியைத் தைத்திருந்தார்கள். விழுந்து எழுந்து தான் சிரித்தால் கூட்டம் சிரிப்பதில்லை என்பதைப் பையன் கண்டுகொண்டான். ஆனால் 'கல்முகம்' என்ற பட்டம் பாதிப் பொய். கண்களைப் பாருங்கள், அவை ஓய்வதே இல்லை. பாலஸ்தீன இயக்குநர் எலியா சுலைமான் தன் படங்களில் தானே தோன்றி, வாய் திறக்காமல் உலகத்தைப் பார்த்து நிற்கும்போது எனக்கு அந்தக் கண்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

கேள்வி: ஐயா, கீட்டனின் 'தி ஜெனரல்' பட நாயகன் அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் பக்கம் நிற்கிறான். இதை எப்படி ரசிப்பது?

பதில்: உறுத்தத்தான் வேண்டும். 1862இல் வடக்குப் படையினர் ஜார்ஜியாவில் ரயில் என்ஜினைக் கடத்தியது உண்மை நிகழ்ச்சி. கடத்தியவர்களில் ஒருவர் எழுதிய நூலை எடுத்துக்கொண்டு, கீட்டன் கதையைத் துரத்தியவர்கள் பக்கம் திருப்பினார். தோற்றவர்களை வில்லனாக்கினால் ரசிகர்கள் ஏற்கமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. அடிமைமுறை என்ற ஒன்று இருந்ததாகவே படம் காட்டிக்கொள்வதில்லை. அதை மன்னிக்க என்னிடம் வாதம் இல்லை. உண்மையான என்ஜின் எரியும் பாலத்தோடு ஆற்றில் சரிவதை வாய்பிளந்து பார்ப்பதும் நான்தான்.

கேள்வி: பேசும்படம் வந்ததால்தானே வீழ்ந்தார்?

பதில்: எல்லோரும் சொல்லும் கதை. ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். படநிறுவனத்தில் அவர் நடித்த பேசும்படங்கள் முந்தைய படங்களைவிட நன்றாகவே ஓடின. 1928இல் அங்கே ஒப்பந்தமானபோது போனது குரல் அல்ல, அதிகாரம். எழுதாத கதையோடு தளத்துக்குப் போய், அங்கேயே யோசித்து, பிடிக்காவிட்டால் கலைத்துப் போட்டு எடுத்தவர் அவர். அச்சடித்த வசனத்தைக் கையில் கொடுத்தார்கள். குடியும் சேர்ந்துகொண்டது. 1933இல் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

கேள்வி: தமிழ் சினிமாவில் அவர் தடம் உண்டா?

பதில்: நம்மவர்களுக்குச் சாப்ளின் போதுமாக இருந்தது. 'புன்னகை மன்னன்' படத்தில் கமல்ஹாசன் சாப்ளின் செல்லப்பாவாகவே வந்தார். கமல் நடித்த 'பேசும் படம்' என்ற படம் வசனமில்லாதது என்பதற்காக அதைக் கீட்டன் கணக்கில் எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: 'ஒன் வீக்' (1920). இருபது நிமிடம்தான். புதுமணத் தம்பதிக்குப் பெட்டிகளில் துண்டுதுண்டாக வீடு வருகிறது. எதிரி ஒருவன் பெட்டிகளின் எண்களை மாற்றி எழுதிவிடுகிறான். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். கடைசியில் ரயில் தண்டவாளம் வரும்போது மட்டும் காபி எடுக்க எழுந்துவிடாதீர்கள்.