நல்ல நீராவில் 15, மறுநாள் 10-ஆ 7-ஆ?

கேள்வி: ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். உரிமம் பெற்று நீரா (தென்னம்பாளையிலிருந்து வடியும் புளிக்காத இனிப்புச் சாறு) இறக்கித் தென்னஞ்சர்க்கரை காய்ச்சுகிறோம். நல்ல நீராவில் ரிஃப்ராக்டோமீட்டர், ஹைட்ரோமீட்டர் இரண்டுமே 15 பிரிக்ஸ் காட்டுகின்றன. ஐஸ் பெட்டிக்கு வெளியே தங்கிப்போன ஒரு குடத்தை மறுநாள் சோதித்தால் முன்னது 10, பின்னது 7. எந்தக் கருவி பழுது?

பதில்: கருவிகள் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. கெட்டது குடத்திலிருந்த நீரா.

பிரிக்ஸ் என்பது 100 கிராம் கரைசலில் எத்தனை கிராம் சர்க்கரை என்ற கணக்கு. சர்க்கரையும் தண்ணீரும் மட்டுமே கலந்த கரைசலை வைத்து வகுத்த அளவு அது. நீரா புளித்து ஆல்கஹால் சேர்ந்துவிட்டால் இரண்டு கருவிகளும் தடுமாறும், அதுவும் எதிரெதிர்த் திசையில். ஹைட்ரோமீட்டர் அடர்த்தியைப் பார்க்கிறது. ஆல்கஹால் ஒரு லிட்டர் 790 கிராம்தான் இருக்கும். சாறு லேசாகி, கருவி கூடுதலாக அமிழ்ந்து, இருக்கும் சர்க்கரையைக் குறைத்துச் சொல்கிறது. ரிஃப்ராக்டோமீட்டர் ஒளி வளைவதைப் பார்க்கிறது. ஆல்கஹால் தண்ணீரைவிட ஒளியைச் சற்று அதிகம் வளைப்பதால், அதையும் சர்க்கரைக் கணக்கில் சேர்த்துக் கூட்டிச் சொல்கிறது. உண்மை நடுவில் இருக்கிறது: உங்கள் குடத்தில் ஏறக்குறைய எட்டரை. மீதி ஆறரை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாறிவிட்டது. ஆல்கஹால் 4 சதவீதத்தை ஒட்டி இருக்கும். நீரா உரிமத்தில் இறக்கியது கள்ளாகிவிட்டது என்பதுதான் இதன் பொருள். 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கும் மாநிலத்தில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒயின் தயாரிப்பவர்கள் இந்த முரணை வேண்டுமென்றே கவனிப்பார்கள். புளிப்பு எவ்வளவு நடந்திருக்கிறது என்று அதை வைத்தே கணக்கிடுவார்கள். சர்க்கரை முழுதும் தீர்ந்த ஒயினில் ஹைட்ரோமீட்டர் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கும். உங்களுக்கோ இரண்டு கருவிகளும் முரண்படுவது எச்சரிக்கை மணி. இரண்டும் ஒத்துப்போனால் காய்ச்சலாம். ஒரு பிரிக்ஸுக்கு மேல் விலகினால் அந்தக் குடத்தை அடுப்படிக்கே கொண்டுபோகாதீர்கள். 15 பிரிக்ஸ் நீரா 100 லிட்டரில் 15, 16 கிலோ சர்க்கரைச் சத்து இருக்கும். புளித்ததில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. மிச்சமும் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டாலும் அமிலத்தாலும் குளுக்கோஸ், ஃபிரக்டோஸாக உடைந்திருப்பதால் எவ்வளவு கிண்டினாலும் பாகு குருணை கட்டாது, பிசுபிசுக்கும். இந்த உடைப்பைப் பிரிக்ஸ் காட்டிக்கொடுக்காது. அதற்கு அமிலத் தாள் (pH தாள்) வைத்திருங்கள்: புதுத் தென்னை நீரா 7-ஐ ஒட்டி இருக்கும், புளித்தது 4 பக்கம் போகும். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால், அது அமிலத்தை முறிப்பதால் தாளும் ஏமாற்றும்.

ஆனால் விலகலைக் கண்டதும் நீராவின் மீது பழி போட்டுவிடவும் கூடாது. உங்கள் ஹைட்ரோமீட்டரின் தண்டில் எந்த வெப்பநிலைக்கு வகுத்தது என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் 20 டிகிரி. 30 டிகிரிச் சாற்றில் மிதக்கவிட்டால் முக்கால் பிரிக்ஸ் குறைத்துக் காட்டும். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த குளிர்ச்சியிலேயே விட்டால் கூட்டிக் காட்டும். நுரைக்கும் சாற்றில் குமிழிகள் கருவியில் ஒட்டிக்கொண்டு அதைத் தூக்கிப் பிடிக்கும். இரண்டு பாத்திரங்களுக்கிடையே சில முறை மாற்றி ஊற்றி, வாயு போனபின் பாருங்கள். ரிஃப்ராக்டோமீட்டரைத் தினமும் காலையில் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு சொட்டு விட்டுப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஆழ்குழாய்த் தண்ணீர் வேண்டாம். உப்பும் ஒளியை வளைக்கும்.

அந்தக் குடத்தை வெந்நீரில் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தபின் எடுத்துப் புழங்குங்கள். பழைய ஈஸ்ட் ஒட்டியிருந்தால் அதில் ஊற்றும் புதுச் சாறு இன்னும் விரைவாக நுரைக்கும்.