குழாயை மறுப்பது கொலையாகுமா?

கேள்வி: தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய என் தாயாருக்கு வயது 81. பக்கவாதத்துக்குப் பின் மூன்று மாதங்களாகப் பேச்சில்லை. இப்போது நிமோனியாவும் சேர்ந்துகொண்டது. மூச்சு நின்றால் சுவாசக் கருவி பொருத்தலாமா என்று மருத்துவர் கேட்கிறார். வேண்டாமென்றால் அது கருணைக்கொலை என்று அக்காள் அழுகிறார். அப்படியா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: இல்லை, ஆனால் அக்காளின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடாதீர்கள். துன்பத்தைத் தீர்ப்பதற்காக, சாக வேண்டும் என்ற நோக்கத்தோடேயே நோயாளியின் உயிரைப் போக்குவதுதான் கருணைக்கொலை. நெதர்லாந்தில் 2002 முதல் கடும் நிபந்தனைகளோடு சட்டம் அதற்கு இடமளிக்கிறது. மலேசியாவில் அது குற்றம். 18 வயது கடந்தவர் தாமே சம்மதித்திருந்தாலும், நமது தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவு அதைக் கொலையிலிருந்து ஒரு படி இறக்குகிறதே தவிர, குற்றமில்லை என்று விட்டுவிடுவதில்லை. பலன் தராமல் உடலுக்குச் சுமையாக மட்டுமே இருக்கும் சிகிச்சையைத் தொடங்காதிருப்பது வேறு. அங்கே உயிரைக் கொண்டுபோவது நோய்.

இந்தப் பிரிவினையை அமெரிக்க மெய்யியலாளர் ஜேம்ஸ் ரேச்சல்ஸ் 1975இல் கேள்விக்குள்ளாக்கினார். அதில் நியாயம் உண்டு. குணமாகக்கூடியவரைச் செலவுக்கு அஞ்சிக் கவனிக்காமல் விட்டுவிட்டு, ‘நான் ஒன்றும் செய்யவில்லையே’ என்று எவரும் தப்பிக்க முடியாது. ஆகவே, கருவியால் தாயாருக்கு மீளும் வாய்ப்பு ஏதும் உண்டா என்பதை மருத்துவரிடம் முதலில் வெளிப்படையாகக் கேளுங்கள்.

அடுத்தது அவருடைய விருப்பம். நாம் பெரும்பாலும் வழுக்குவது இங்கேதான். தென் தமிழ்நாட்டின் சில ஊர்களில் தலைக்கூத்தல் என்ற பெயரில் முதியவரைக் கேளாமலே வீட்டார் அவர் சாவை முடிவுசெய்த வழக்கம் உண்டு. அதைக் கருணை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. தாயார் மூக்குக் குழாயை இருமுறை பிடுங்கியதால், அசையும் ஒரு கையையும் துணியால் கட்டிலோடு கட்டியிருப்பதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதையே அவர் முடிவாகக் கொள்ள முடியாது; வெறும் உறுத்தலாகவும் இருக்கலாம். பேச்சிருந்த நாளில், தோட்டக் குடியிருப்பான லயத்தில் எவரேனும் நெடுநாள் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அவர் என்ன சொன்னார்? அக்காளோடு உட்கார்ந்து அதை நினைவுகூருங்கள்.

கேள்வி: மூச்சுத் திணறலைத் தணிக்க மார்ஃபின் கொடுத்தால் உயிர் சீக்கிரம் போய்விடாதா? (அதே வாசகர்)

பதில்: முறைப்படி கொடுத்தால் அது அரிது. அறவியலில் ‘இரட்டை விளைவு’ என்பார்கள்: நோக்கம் திணறலைத் தணிப்பது, முன்கூட்டியே தெரிந்தாலும் விரும்பாத பக்கவிளைவு அதிலிருந்து வேறானது. மருத்துவர் திணறலைப் பார்த்துப் பார்த்து அளவைக் கூட்டுவது அதனால்தான். உயிரைப் போக்கவென்றே ஒரேயடியாக ஏற்றினால், அது நான் மேலே சொன்ன குற்றமாகிவிடும்.