கதைக்கும் கதைப்பின்னலுக்கும் என்ன வேறுபாடு?

என்ன நடந்தது என்பது கதை. ஏன் நடந்தது என்று ஒன்றோடொன்று கோத்துக் காட்டுவது கதைப்பின்னல்.

சிலப்பதிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கோவலன் மதுரைக்குப் போனான், கொலையுண்டான், மதுரை எரிந்தது. இவை வெறும் நிகழ்ச்சிகள். அவன் சிலம்பு விற்கப் போனது கைப்பொருளை இழந்ததால். பொற்கொல்லன் அவனைக் காட்டிக்கொடுத்தது, அரசியின் சிலம்பைத் தானே திருடியிருந்ததால். பாண்டியன் தீர விசாரிக்கவில்லை. அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. கண்ணகி தன் சிலம்பை உடைத்ததும் தெறித்தது மாணிக்கம். அந்த ஒரு பரலுக்காகத்தான் முன்னால் வந்த அத்தனையும் காத்திருக்கிறது. எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் எனக்கு மூச்சு நின்றுவிடும்.

காரணம் தெரிந்தால்தான் அடுத்தது என்ன என்று மனம் பதைக்கும். உதிரி மல்லியை முழம் போட்டு அளக்க முடியாது. நாரில் கட்டினால்தான் சரம்.

பின்னல் என்றாலே கடைசியில் வரும் திருப்பம் என்று பலர் நினைக்கிறார்கள். திருப்பமே இல்லாத கதையிலும் பின்னல் உண்டு.