ஸ்டாண்ட்பைப்பைச் சுற்றிக் கசியும் மீத்தேன்

வணக்கம் ஐயா. தண்டையார்பேட்டையிலிருந்து ஜார்க்கண்ட் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பணிக்குச் சென்ற தாங்கள், கரியிலுள்ள மீத்தேன் வாயுவை வெளியேற்ற இடும் துளையின் வாயில் சிமெண்ட் கலவையால் பதிக்கும் குழாயான ஸ்டாண்ட்பைப்பைச் சுற்றி, கலவை இறுகிய பின்னும் மீத்தேன் கசிவதாக எழுதியுள்ளீர்கள். மேலிருக்கும் பாறையின் பாரத்தால் கரிச்சுவரின் முகப்பு நொறுங்கி வெடிப்புகளோடு இருக்கும். குழாய் அப்பகுதியைத் தாண்டி உறுதியான கரிக்குள் சென்று முடியாவிட்டால், கலவை எவ்வளவு தரமாக இருந்தாலும் வாயு வெடிப்புகளின் வழியே சுற்றி வந்துவிடும். தங்கள் துளை மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால், உள்ளே சிக்கிய காற்று கலவையில் இடைவெளி விட்டிருக்கலாம் என்றும் நான் சந்தேகிக்கிறேன். உட்கோடிவரை ஒரு மெல்லிய காற்றுக்குழாயைச் செருகி, அதன் வழியே கலவை வெளிவரும்வரை பம்ப்பை நிறுத்தாமல் ஏற்ற வேண்டும். வாயோரம் மேலும் சிமெண்ட் பூசுவது இங்கே உதவாது. காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்தால் வெடிக்கும் என்பதால், அழுத்தச் சோதனையில் தேறாத குழாய்வழியே துளையிட வேண்டாம். அத்துளையை முழுவதும் அடைத்துவிட்டு, வேறிடத்தில் நீளமான குழாயைப் பதியுங்கள்.